"நான் என்ன விசரனோ?": கணவர் உளவளத்துணைக்குப் போக மறுக்கிறார்

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம். கணவருக்கு 49 வயது. 2009இல் போர் முடிந்தபின் ஒன்றரை வருஷம் தடுப்பில் இருந்து வதைபட்டவர். 2012இல் படகில் அவுஸ்திரேலியா வந்தார். நிரந்தர வீசா கிடைத்தபின் எங்களைக் கூப்பிட்டார். நானும் 13 வயது மகளும் போன வருஷம்தான் மெல்பேர்ண், டண்டினோங் பக்கம் வந்து சேர்ந்தோம். இரவில் கத்திக்கொண்டு எழும்புகிறார். இரண்டு பியர் குடித்தால்தான் நித்திரை. நெஞ்சு இறுக்குது என்று மூன்று தரம் ஈசிஜி எடுத்தாயிற்று, இதயத்தில் ஒன்றுமில்லையாம். டொக்டர் நித்திரைக் குளிசை எழுதித் தந்து உளவியலாளரிடமும் அனுப்பினார். மகள்தான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தாள். உளவியலாளரிடம் ஒரே ஒருநாள் போனார். "உரைபெயர்ப்புக்கு வந்த பொடியன் எந்த ஊர் எண்டு கேக்கிறான், அவனுக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லட்டாம், நான் என்ன விசரனோ?" என்றவர், பிறகு போகவே இல்லை. இவரின் தம்பி 2009இல் காணாமல் போனவர். திவசம் செய்தால் எல்லாம் சரிவரும் என்று மாமி ஊரிலிருந்து சொல்லுகிறா. அந்தக் கதையை எடுத்தாலே சண்டை. போன கிழமை கதவைக் குத்தி உடைத்துவிட்டார். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உடைந்த கதவிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை ஒரு கிழமை பொறுக்கும். கோபத்தில் அவர் உங்கள் மீதோ மகள் மீதோ கை வைத்தாரா? வைத்துவிடுவார் என்ற பயம் இருக்கிறதா? இருந்தால், அவருக்குச் சிகிச்சை கிடைக்கும்வரை உதவி கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம். உடனடி ஆபத்துக்கு 000. ஆபத்து இந்த நிமிடம் இல்லை, ஆனால் பயம் இருக்கிறது என்றால் குடும்ப வன்முறைக்கான உதவி இலக்கம் 1800 737 732. எந்நேரமும் எடுக்கலாம், தமிழ் உரைபெயர்ப்பாளரும் கேட்கலாம். வீசா போய்விடும் என்று பயந்து வாய்திறக்காமல் இருக்கும் பெண்கள் எங்கள் ஆட்களில் குறைவில்லை. துணைவர் வீசாவில் வந்த ஒருவர் குடும்ப வன்முறையால் பிரிய நேர்ந்தால், அவருடைய நிரந்தர வதிவிடத்துக்கான வழி அடைபடாமலிருக்கக் குடிவரவுச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. அவர் வதைபட்டவர் என்பது உண்மை. அதற்காக நீங்கள் அடிவாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் இந்தக் கிழமையே கேட்டுவிடுங்கள். பகலில், அவர் குடிக்காமல் இருக்கும் நேரத்தில், "செத்தால் நல்லம் எண்ட நினைப்பு வருகுதோ?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதல்தான் வரும். "ஓம்" என்றால், எப்படிச் செய்வதாக யோசித்திருக்கிறார் என்றும் கேளுங்கள். ஒரு வழியைச் சொன்னாரென்றால் தனியே விடாதீர்கள், 000க்கு அழையுங்கள் அல்லது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வீட்டிலுள்ள குளிசைகளை எடுத்துப் பூட்டி வையுங்கள். தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கான உதவிச் சேவை லைஃப்லைனின் இலக்கம் 13 11 14. தமிழில் பேச, முதலில் அரச ரெலிபோன் உரைபெயர்ப்புச் சேவையான 131 450க்கு அழைத்து, லைஃப்லைனுடன் இணைக்கும்படி கேட்க வேண்டும்.

அடுத்தது குளிசையும் பியரும். மது நித்திரைக்குள் தள்ளிவிடும், ஆனால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அதன் பிடி விட்டதும் நித்திரை கலையும், கனவுகள் கூடுதலாக வரும். நடுச்சாமத்துக்குப் பிறகுதான் அவர் கத்துகிறார் என்றால் அதில் பியருக்கும் பங்கு உண்டு. தெமாசெபாம், டயசெபாம் போன்ற குளிசையோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். இந்த வகைக் குளிசைகளைச் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு கிழமைக்குத்தான் கொடுப்பார்கள். வதையும் போரும் தந்த பாதிப்புக்கு அவை மருந்தில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலும், அதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில்கூட இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அதற்காக, மாதக்கணக்காகக் குடித்துவந்த குளிசையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நடுக்கம், வலிப்புவரை போகலாம். டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். "பியரும் எடுக்கிறார்" என்பதை டொக்டருக்குச் சொன்னீர்களா? மகள் உரைபெயர்த்தாள் என்பதால் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மகளை இந்த வேலையிலிருந்து இன்றே விடுவியுங்கள். 13 வயதுப் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தகப்பனும் தடுப்பில் நடந்ததைச் சொல்லமாட்டார். சொன்னால் அதைச் சுமக்கப்போவது அவள். குடும்ப வைத்தியர்களுக்கு உரைபெயர்ப்புச் சேவை இலவசம். அப்பொயின்ட்மென்ற் எடுக்கும்போதே "தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும், நீண்ட அப்பொயின்ட்மென்ற் வேண்டும்" என்று இரண்டையும் சொல்லுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் எங்கள் ஆட்கள் "ஓம் டொக்டர், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வருவார்கள். கே10 என்று பத்துக் கேள்விப் படிவம் ஒன்று தருவார்கள், கடந்த நான்கு கிழமை எப்படி இருந்தது என்று கேட்கும். அதிலும் மரியாதைக்காக "இல்லை, இல்லை" என்று கோடு போட்டுவிட்டால் கூட்டுத்தொகை குறைவாக வரும், பெரிய பிரச்சினை இல்லை என்று கோப்பில் ஏறிவிடும். கூச்சப்படாமல் உள்ளதை உள்ளபடி நிரப்பச் சொல்லுங்கள்.

இனி அந்த உரைபெயர்ப்பாளர். உங்கள் கணவர் இதில் கோபப்பட்டது சரியே. காத்திருக்கும் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள், பேச்சுக்கு "அண்ணை எந்த ஊர்?" என்று தொடங்கும். வேற்றூர்க்காரருக்கு அது சுகம் விசாரிப்பது. ஊர் தெரிந்தால் சாதி, சொந்தம், எந்தப் பக்கம் நின்றவர் எல்லாம் தெரிந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். தடுப்பிலும் முதல் கேள்வி அதுதான். அதன்பிறகு ஒருவர் வாய் திறப்பாரா? நல்ல உளவளத்துணையாளர் உரைபெயர்ப்பாளரைத் தனியே அழைத்து ஐந்து நிமிடம் பேசுவார், இருவரையும் ஒன்றாக வெளியில் காத்திருக்க விடமாட்டார், சந்திப்புத் தொடங்கியதும் இரகசியக் காப்பு விதியை எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொல்வார். இதை நீங்களே முன்கூட்டிக் கேட்கலாம். கேட்கக்கூடியவை இன்னும் உண்டு. ஆணா பெண்ணா என்று சொல்லலாம். நேரில் வராமல் ரெலிபோனில் மட்டும், அதுவும் வேறு மாநிலத்தில் இருப்பவராகக் கேட்கலாம். உரைபெயர்ப்பாளருக்கு உண்மைப் பெயரைச் சொல்லாமல் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். வேண்டாத ஒருவரின் பெயரைச் சொல்லி அவரைத் தவிர்க்கச் சொல்லலாம். நல்லவர் ஒருவர் அமைந்தால் அவருடைய உரைபெயர்ப்பாளர் இலக்கத்தைக் குறித்துவைத்து ஒவ்வொரு தரமும் அவரையே கேளுங்கள். ஆளை மாற்றி மாற்றி அனுப்பினால் ஒவ்வொரு கிழமையும் முதல் நாள்தான்.

இந்தியத் தமிழர் ஒருவரைக் கேட்டால் ஊர்ப்பயம் குறையும், ஆனால் வன்னிப் பேச்சில் கொஞ்சம் தவறிப்போகும். இரண்டில் எது தேவலை என்பதை உங்கள் கணவர்தான் முடிவெடுக்க வேண்டும். உளவியலாளரின் 50 நிமிடத்தில் உரைபெயர்ப்புப் போக அவருக்கு மிஞ்சுவது அரைமணித்தியாலமும் இல்லை. ஆகவே நீளமான அமர்வு கேளுங்கள்.

அறையும் ஒரு காரணம். பூட்டிய கதவு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறார், வாசலில் சீருடைக் காவலாளி. விசாரணை அறையில் இருந்து வந்தவருக்கு இது எதை ஞாபகப்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. கதவுப் பக்கமாகவும் கதவைப் பார்த்தபடியும் நாற்காலி, கதவு கொஞ்சம் திறந்து, எழுதுவதை எப்போது வேண்டுமானாலும் அவர் பார்க்கலாம் என்ற உறுதி: இவை கேட்டால் கிடைக்கும், கேட்டதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபிப்பவரிடம் போகத் தேவையில்லை. (ஈசிஜி ஒட்டும் வயர்கள், பல் டொக்டரின் கதிரை, எம்ஆர்ஐ குழாய் இவையும் சிலரை உலுக்கும். மூன்று தரம் ஈசிஜி எடுத்துவிட்டு வந்த அன்றிரவு நித்திரை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.)

எங்கே போவது? அவருக்கு நான் முதலில் சொல்வது ஃபவுண்டேஷன் ஹவுஸ். வதைக்குள்ளானவர்களுக்காகவே 1987இல் விக்டோரியாவில் தொடங்கிய நிறுவனம், டண்டினோங்கிலேயே கிளை இருக்கிறது. கட்டணம் இல்லை, உரைபெயர்ப்பு அவர்களே ஒழுங்கு செய்வார்கள், டொக்டரின் கடிதம் இல்லாமலும் பதியலாம். காத்திருப்புப் பட்டியல் இருக்கும், ஆகவே அவர் முழு மனதோடு சம்மதிக்கும் நாளுக்காகக் காத்திராமல், "பெயரைப் பதிந்துவைப்பம், பிறகு பாப்பம்" என்று கேட்டுப் பதியுங்கள். சிட்னியில் இருப்பவர்களுக்கு ஸ்டார்ட்ஸ் என்ற நிறுவனம் இதே வேலையைச் செய்கிறது. மற்ற மாநிலங்களிலும் இதுபோல ஒவ்வொன்று உண்டு.

மற்ற வழி, குடும்ப வைத்தியர் எழுதும் உளநலச் சிகிச்சைத் திட்டம். அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் ஒரு வருஷத்துக்கு 10 தனி அமர்வுகளுக்குக் காசு தரும், ஜனவரி 1இல் கணக்குப் புதிதாகும். முதல் கடிதம் ஆகக்கூடியது 6 அமர்வுக்குத்தான், பிறகு டொக்டரிடம் திரும்பிப் போகவேண்டும். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு முடிந்ததும் "சிகிச்சை முடிந்தது" என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுவார்கள். இந்தப் பாதையில் உளவியலாளர் மேலதிகக் கட்டணம் கேட்கிறாரா, உரைபெயர்ப்புக்கு யார் காசு கட்டுவது என்ற இரண்டையும் பதியுமுன் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் வேறு ஆளைத் தேடுங்கள். கூடவே "தடுப்பில் இருந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். தமிழ் தெரிந்த, ஆனால் வதைபற்றித் தெரியாத ஒருவரைவிட, தமிழ் தெரியாத, ஆனால் இதில் பழகிய ஒருவர் மேல் என்பது என் கருத்து.

அவரிடம் எப்படிச் சொல்வது? ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். "பிரஷர் பாக்கப் போறம்" என்று சொல்லி இன்னொரு அறையில் கொண்டுபோய் இருத்தினால், அதோடு உங்கள் சொல்லையும் நம்பமாட்டார். நித்திரையைச் சொல்லுங்கள். "உங்களுக்கு நித்திரை வேணும், விடிய வேலைக்குப் போறியள், அதுக்குத்தான் போறம்." இது பொய்யில்லை, உளவளத்துணையாளரும் அங்கேயிருந்துதான் தொடங்குவார். பிறகு இந்த மூன்றையும் சொல்லுங்கள். நடந்த கதையை முதல் நாளும் சொல்லத் தேவையில்லை, சில வேளை முழுவதையும் ஒருபோதும் சொல்லத் தேவையில்லை, "இதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை" என்பது அங்கே செல்லுபடியாகும் பதில். சொல்வது குடிவரவுத் திணைக்களத்துக்கோ, இலங்கைத் தூதரகத்துக்கோ, வேலைத்தலத்துக்கோ போகாது. உயிருக்கு ஆபத்து, பிள்ளையின் பாதுகாப்பு, நீதிமன்ற உத்தரவு என்ற மூன்று இடங்களில்தான் இரகசியம் தளரும். இதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், ஒளித்தால் பிறகு துரோகமாகத் தெரியும். மூன்றாவது, பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் உடல் உளநலப் பரிசோதனை கிடையாது. இந்தப் பயத்தில் எத்தனையோ பேர் வருஷக்கணக்காக மருந்தில்லாமல் இருக்கிறார்கள்.

ஒரு தாளில் நாலு வரி தமிழில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்: எத்தனை மணிக்கு எழும்புகிறார், கிழமையில் எத்தனை இரவு, என்ன குடிக்கிறார், உடம்பில் எங்கே நோகுது. வாய் கட்டிப்போனால் தாளை நீட்டலாம். முதல் நாள் கடைசிப் பத்து நிமிடம் உங்களையும் உள்ளே கூப்பிடலாமா என்று உளவளத்துணையாளரிடம் கேட்கும்படி கணவருக்குச் சொல்லுங்கள். தனியாள் இரகசியம் என்ற இங்கத்தைய வழக்கத்தால் மனைவியை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கணவர் சம்மதித்தால் நீங்கள் போவதில் தடையில்லை.

தம்பியின் கதைக்கு வருகிறேன். மாமி சொல்வதிலும் ஒரு தாயின் நியாயம் இருக்கிறது: ஏதாவது ஒரு முடிவு வேண்டும் அவவுக்கு. ஆனால் உங்கள் கணவருக்குத் திவசம் செய்வது தம்பியைத் தன் கையாலேயே செத்தவனாக்குவது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 முதல் காணாமல் போன பிள்ளைகளுக்காகப் போராட்டப் பந்தலில் இருக்கும் தாய்மாரும் இதைத்தான் சொல்கிறார்கள், பதில் தெரியாமல் எப்படிக் கிரியை செய்வது என்று. இதில் அவரை எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள், உளவளத்துணையாளரையும் தள்ள விடாதீர்கள். "ஏற்றுக்கொண்டு கடந்து வாருங்கள்" என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த விடயம் தெரியாது என்று பொருள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. மோட்ச விளக்கும் அந்தியேட்டியும் இறந்தவருக்கு. அர்ச்சனை இருப்பவருக்கு. தம்பியின் பெயர், நட்சத்திரம் சொல்லி, அவருடைய பிறந்த நாளில் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் ஓர் அர்ச்சனை செய்யலாம். அது அவனை மறக்கவும் இல்லை, சாகடிக்கவும் இல்லை. மாமியிடமும் "பூசை செய்தனாங்கள்" என்று உண்மையாகவே சொல்லலாம். கணவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த வருஷம் கேட்கலாம். மாமி நூல் கட்டச் சொன்னாலோ சாத்திரியாரிடம் போகச் சொன்னாலோ சண்டை பிடிக்க வேண்டியதில்லை. மருந்தை நிறுத்தச் சொன்னால், அல்லது ஆயிரக்கணக்கில் காசு கேட்டால் மட்டும் மறியுங்கள்.

இரவில் கத்தி எழும்பும்போது தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு நீங்கள் யாரென்று தெரியாது, கை ஓங்கக்கூடும். கால்மாட்டில் எட்டி நின்று, விளக்கைப் போட்டு, மெதுவாகப் பெயரையோ வழக்கமாகக் கூப்பிடும் முறையையோ சொல்லி, "இது மெல்பேர்ண், எங்கட வீடு, நான் நிக்கிறன், பிள்ளை படுத்திருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கால் தரையில் படட்டும், குளிர்தண்ணீர் குடிக்கட்டும். "என்ன கண்டனீங்கள்?" என்று அப்போது கேட்கவேண்டாம்.

பகலில், நல்ல நேரத்தில் மூச்சுப் பழகலாம்: நாலு எண்ணிக்கைக்கு உள்ளே, ஆறுக்கு வெளியே, ஐந்து நிமிடம், தினமும் இரண்டு வேளை. கண்ணை மூடச் சொல்லாதீர்கள், மூடினால் காட்சிகள் வரும். சாமி விளக்கைப் பார்க்கட்டும். யோகாசன வகுப்புகளில் சொல்வதுபோல மூச்சை அடக்கி வைக்கவும் வேண்டாம். மூச்சுத் திணற வைத்து வதைக்கப்பட்டவர்களுக்கு அதுவே பீதியைக் கிளப்பும். தேவாரம் தெரியுமென்றால் ஒரு பாட்டை ஆறுதலாக இழுத்துப் பாடுவதும் இதே நீண்ட வெளிமூச்சுத்தான். இதைக் கைவைத்தியம் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் போர்க்காலத்திலேயே செபத்தையும் மூச்சுப்பயிற்சியையும் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் முகாமொன்றில் 31 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை, மறுபகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், இருவருக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் பகுதியில் 81 வீதமும் மறுபகுதியில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வு, அதுவும் பிள்ளைகள். ஆனால் கதையைச் சொல்ல மறுப்பவருக்கு வேறு வாசல் இல்லை என்று சொல்ல முடியாது.

நாட்காட்டியையும் பாருங்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள், நவம்பர் 27 மாவீரர் நாள், டிசம்பர் 31 இரவு வாணவேடிக்கை. இந்த நாட்களுக்கு ஒரு கிழமைக்கு முன்பே நித்திரை கெடத் தொடங்கும், குடியும் கூடும். அந்தக் கிழமைகளில் படுக்கையில் போன் பார்ப்பதை நிறுத்துங்கள், போர்க்காலக் காணொளிகள் அப்போதுதான் கூடுதலாக வரும். நினைவு நிகழ்வுக்குப் போவதா இல்லையா என்பது அவர் விருப்பம். போனால் கூடவே ஒருவர் போகட்டும், வந்து தனியே இருக்க விடாதீர்கள். வாணவேடிக்கைக்கு யன்னலைச் சாத்தி, ரீவியைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டு, எத்தனை மணிக்குத் தொடங்கும் எத்தனைக்கு முடியும் என்று முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். நேரம் தெரிந்த சத்தம் அவ்வளவாக உலுக்காது.

கடைசியாக நீங்கள். முல்லைத்தீவில் நீங்களும்தான் இருந்தீர்கள், பிறகு இத்தனை வருஷம் தனியே பிள்ளை வளர்த்தீர்கள். கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்குச் சொன்ன இரண்டு வழியும் உங்களுக்கும் உண்டு, அவருடைய சம்மதம் தேவையில்லை. வேறு உளவளத்துணையாளர், வேறு உரைபெயர்ப்பாளர் என்று கேளுங்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போகிறதோ என்ற சந்தேகம் வீட்டுக்குள் வரக்கூடாது. மகளின் பள்ளிக்கூடத்திலும் நலன்புரி ஆசிரியர் இருப்பார், வீட்டில் நித்திரை குழம்புகிறது என்றாவது சொல்லிவையுங்கள். 131 450க்கு அழைத்ததும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். "டமில்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு லைனில் நில்லுங்கள், தமிழில் ஒருவர் வருவார். ஃபவுண்டேஷன் ஹவுஸ் டண்டினோங் என்று அவரிடம் சொன்னால் இணைத்துவிடுவார். வார நாளில், அலுவலக நேரத்தில் எடுங்கள்.